உங்களுக்குத் தெரியுமா? – கேட்டால்தான் சொல்லும் தண்ணீர்

'குடிக்க உகந்தது' என்று முத்திரை குத்திய தண்ணீர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். பட்டியலில் எழுதியிருந்த பொருள்களைத் தேடினார்கள், அவை அளவுக்கு மீறி இல்லை என்பதுதான் அதன் முழு அர்த்தம். பட்டியலில் ஏறாத பொருளை யாரும் தேடியிருக்கவே மாட்டார்கள். இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அப்படிப் பட்டியலுக்கு வெளியே நின்ற தொழிற்சாலை ரசாயனங்களைப் பற்றியவை. கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கிறது. நம்ம ஊரும் வரும்.

★ 1938 ஏப்ரல் 6. அமெரிக்காவின் நியூஜெர்சியில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். குளிர்பதனப் பெட்டிக்கான வாயுவை ஆராய்ந்துகொண்டிருந்த 27 வயது ராய் பிளங்கெட் சிலிண்டரின் வால்வைத் திறந்தார். வாயு வரவில்லை, ஆனால் சிலிண்டரின் எடையும் குறையவில்லை. ரம்பத்தால் அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழப்பான வெள்ளைப் பொடி. எதிலும் ஒட்டாது, எதிலும் கரையாது. பின்னாளில் அதற்கு டெஃப்லான் என்று பெயர் வைத்தார்கள். நம் வீட்டு நான்-ஸ்டிக் தோசைக்கல்லின் பாட்டன்.

★ அதே வம்சத்தின் இன்னொரு கிளை 1953-இல் ஒரு கேன்வாஸ் ஷூ மேல் பிறந்தது. 3எம் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஒரு திரவம் கைதவறி ஷூவில் சிந்தியது. அது விழுந்த இடத்தில் மட்டும் எத்தனை நாளானாலும் அழுக்குப் பிடிக்கவில்லை. கவனித்தவர் பேட்ஸி ஷெர்மன் என்ற பெண் வேதியியலாளர். துணியில் கறை படியாமல் காக்கும் 'ஸ்காட்ச்கார்டு' அப்படித்தான் சந்தைக்கு வந்தது.

★ இந்தக் குடும்பத்துக்கே பொதுப்பெயர் பீஃபாஸ். ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள். மூத்த பிள்ளைகளில் ஒன்று, டெஃப்லான் தயாரிப்பில் துணைப்பொருளாகப் பயன்பட்ட 'சி-8'. 8 கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி, அதைச் சுற்றி 15 ஃபுளோரின் அணுக்கள். கார்பனும் ஃபுளோரினும் கைகோத்தால் வெயில், மழை, நுண்ணுயிர் எதனாலும் பிரிக்க முடியாது. நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. 'சாகாவரம் பெற்ற ரசாயனங்கள்' என்று பத்திரிகைகள் எழுதுவது இவற்றைத்தான்.

★ மேற்கு வர்ஜீனியா மாநிலம், பார்க்கர்ஸ்பர்க் ஊருக்கு அருகே வில்பர் டென்னன்ட் என்ற விவசாயி மாடு வளர்த்து வந்தார். டூபான்ட் ஆலையின் கழிவு கொட்டிய நிலத்திலிருந்து வந்த ஓடை அவர் மேய்ச்சல் நிலத்தில் ஓடியது. தண்ணீரில் நுரை. மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. உள்ளூரில் யாரும் காதுகொடுக்கவில்லை. செத்த மாடுகளைத் தானே அறுத்துப் பார்த்து வீடியோ எடுத்து வைத்தார். 1998-இல் சின்சினாட்டி நகர வழக்கறிஞர் ராப் பிலாட்டுக்கு போன் போட்டார். பிலாட் அதுவரை ரசாயன நிறுவனங்களுக்காக வாதாடி வந்தவர்! வழக்கில் டூபான்ட் ஒப்படைத்த காகிதங்கள் மட்டும் 1 லட்சத்து 10 ஆயிரம் பக்கங்களுக்கு மேல். அவற்றுக்குள் கிடந்த விவரம்தான் மாடுகளின் கதையை மனிதர்களின் கதையாக்கியது. 2019-இல் வந்த 'டார்க் வாட்டர்ஸ்' படம் இவர்களைப் பற்றியதுதான்.

★ அந்தக் காகிதக் குவியலில் இருந்த ஒரு செய்தி: 1984-ஆம் ஆண்டிலேயே டூபான்ட் தன் ஊழியர்களை அனுப்பி, ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களின் கடைகளில் குழாய்த் தண்ணீரை ஓசையில்லாமல் பிடித்து வரச் செய்தது. லூபெக், லிட்டில் ஹாக்கிங் ஆகிய ஊர்களின் தண்ணீரில் சி-8 இருந்தது. சோதனை நடந்தது, பதிலும் கிடைத்தது. குடித்தவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. ஊராருக்கு முதல் கடிதம் போனது 2000 அக்டோபரில், 16 ஆண்டு கழித்து. அதுவும் லூபெக் குடிநீர் வாரியத்திடமிருந்து, 'கொஞ்சம் இருக்கிறது, பயம் வேண்டாம்' என்ற தோரணையில். உள்ளூர்ப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். சில மாதம் கழித்து, அக்கம்பக்கத்தில் ஏன் இத்தனை பேருக்கு உடம்புக்கு முடியவில்லை என்ற யோசனை வந்தபோது மறுபடி எடுத்துப் படித்தார். ஊர் முழுவதற்குமான வழக்கின் வாதிகளில் அவரும் ஒருவரானார்.

★ ரத்தம் கொடுத்தால் 400 டாலர்! 2004-இல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. கைக்கு வந்த பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருந்தால் ஆளுக்குச் சொற்பம்தான் கிடைத்திருக்கும். ஊர்க்காரர்கள் வேறு வழி போனார்கள். சுமார் 7 கோடி டாலரை வைத்து ஊரையே பரிசோதித்தார்கள். கேள்வித்தாளை நிரப்பினால் 150 டாலர், ரத்தமும் கொடுத்தால் மேலும் 250. 2005-2006-இல் சுமார் ஓராண்டுக்குள் 69,030 பேர் வரிசையில் நின்றார்கள். ஆறு குடிநீர் வட்டாரங்கள். அவர்கள் ரத்தத்தில் சி-8-இன் நடு அளவு, மில்லி லிட்டருக்கு சுமார் 28 நானோகிராம். அப்போது மற்ற அமெரிக்கர்களின் ரத்தத்தில் சுமார் 4.

மூன்று தொற்றுநோயியல் வல்லுநர்கள் ஏழு ஆண்டுகள் அந்தத் தரவைத் துருவினார்கள். 2012-இல் முடிவு வந்தது: சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், தைராய்டு கோளாறு, பெருங்குடல் புண் அழற்சி, கர்ப்பகால ரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு. இந்த ஆறு நோய்களுக்கும் சி-8-க்கும் தொடர்பு இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்கள். மற்ற பல நோய்களுக்குத் தொடர்பு தெரியவில்லை என்றும் அதே நேர்மையோடு எழுதினார்கள். 2017-இல் சுமார் 3,550 பேருக்காக 67.1 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. வெறும் கோபத்துக்கு நீதிமன்றத்தில் விலையில்லை. ரத்தப் பரிசோதனைக்கு இருந்தது.

★ 'பாதுகாப்பான அளவு' எப்படி நகர்ந்திருக்கிறது பாருங்கள். 2002-இல் மேற்கு வர்ஜீனியா மாநிலக் குழு, லிட்டருக்கு 1,50,000 நானோகிராம் சி-8 இருந்தாலும் பரவாயில்லை என்றது. (டூபான்டே தனக்குள் வைத்திருந்த வரம்பு 1,000!) 2009-இல் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 400 என்றது. 2016-இல், சி-8-ஐயும் ஸ்காட்ச்கார்டு வகை ரசாயனத்தையும் சேர்த்து 70. 2024 ஏப்ரலில் தனித்தனியே 4. தண்ணீர் அப்படியேதான் இருந்தது. குடித்து முடித்தவர்கள் குடித்து முடித்துவிட்டார்கள்.

★ 4 நானோகிராம் என்றால்? தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு தூள் உப்புத் துகளைப் போடுங்கள். ஒரு சிட்டிகை அல்ல, ஒரு துகள். அதன் எடை ஏறக்குறைய 0.06 மில்லிகிராம். இப்போது லாரித் தண்ணீரில் லிட்டருக்கு 5 நானோகிராம் உப்பு. அந்தத் துகள் சி-8 ஆக இருந்திருந்தால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

★ எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்கு சர்வீஸ் செய்ய வந்த தம்பி, பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் முக்கி, "டி.டி.எஸ். 48 சார், அமிர்தம்!" என்றார். அந்த மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை. அதிலிருந்து கரைந்த உப்பின் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்லும், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். அமெரிக்க வரம்பைத் தொடும் அளவுக்கு சி-8 கலந்திருந்தால் 48 என்பது 48.000004 ஆகும். மீட்டரைக் குறை சொல்ல முடியாது, அதன் வேலை வேறு. உப்புக் கரிக்கும் தண்ணீர் யோக்கியமாகவும், கற்கண்டாக இனிக்கும் தண்ணீர் விஷமாகவும் இருக்கலாம் என்பதை அந்தத் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப ஃபில்டரை மாத்திடவா சார்?" என்றார்.

★ கொதிக்கவைத்துக் குடித்தால் சரியாகிவிடுமா? கிருமிக்கு அது கைகண்ட வழி. பீஃபாஸுக்கு நேர் எதிர். தண்ணீர் ஆவியாகிப் போகும், ரசாயனம் பாத்திரத்திலேயே தங்கும். சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும்.

★ மாதிரி எடுக்கப் போகிறவர் எப்படிப் போக வேண்டும் தெரியுமா? மழை ஒட்டாத கோட் போடக்கூடாது. துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசிய சட்டை கூடாது. சன் ஸ்கிரீனோ முகப்பூச்சோ பூசிக்கொள்ள யோசிக்க வேண்டும். எண்ணெய் ஊறாத காகிதத்தில் சுற்றிய பலகாரத்தைத் தின்றுவிட்டு அதே கையோடு பாட்டிலைத் தொடக்கூடாது. குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பும் ஆகாது, அது டெஃப்லானேதான். கோயிலுக்குப் போகிறவருக்குக்கூட இத்தனை ஆசாரம் இல்லை. காரணம் எளிது: தேடுவது லட்சம் கோடியில் ஒரு பங்கு. எடுக்கிறவர் உடம்பில் ஒட்டியிருப்பதே தண்ணீரில் இருப்பதைவிட அதிகமாக இருக்கலாம்.

★ அதனால்தான் ஒரு 'சாட்சி பாட்டில்' கூடவே போகிறது. ஆய்வுக்கூடமே சுத்தமான தண்ணீர் கொடுத்தனுப்பும். மாதிரி எடுக்கும் அதே இடத்தில், அதே காற்றில், அதே கையால் அதை இன்னொரு பாட்டிலுக்கு மாற்றி மூடி, மாதிரியோடு திருப்பி அனுப்ப வேண்டும். சாட்சியிடமே பீஃபாஸ் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தென்பட்டால் மாதிரி செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

★ ஒரே கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் 'எல்லாத்தையும் பாருங்க' என்று கொடுக்க முடியாது.

பீஃபாஸுக்கு 250 மில்லி பாலிப்ரோப்பிலீன் பாட்டில், குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். ஆவியாகும் கரைப்பான்களுக்குச் சின்னக் கண்ணாடிக் குப்பி: விளிம்பு தளும்ப நிரப்பி, மூடி, தலைகீழாகத் தட்டினால் உள்ளே காற்றுக் குமிழி தெரியக்கூடாது, குமிழிக்குள் கரைப்பான் தப்பிப் போய்விடும். உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலச் சொட்டு. கிருமிச் சோதனைக்குக் குளோரினை முறிக்கும் மருந்து போட்ட, கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டில். ஈயம் தேடுகிறீர்களா? ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிய முதல் தண்ணீர் வேண்டும். பீஃபாஸ் தேடினால் அந்த முதல் தண்ணீரை ஓடவிட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். என்ன கேட்கப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகுதான் பாட்டிலையே எடுக்க முடியும்.

★ ஆய்வுக்கூடத்தில் முதல் வேலை சுருக்குவது. கால் லிட்டர் தண்ணீரை விரலளவு வடிகுழல் வழியே சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். பீஃபாஸ் மட்டும் அதில் பிடிபடும். மெத்தனால் ஊற்றி அதைக் கழுவி எடுத்து, வற்றவைத்து 1 மில்லி ஆக்குவார்கள். ரசம் வைக்கப் புளியைக் கரைக்கிறோமே, அதற்கு நேர்மாறு.

★ லஞ்ச ஒழிப்புத் துறையினர் ரூபாய் நோட்டில் ரசாயனம் தடவி அனுப்புவது நமக்குத் தெரியும். இங்கேயும் அதே உத்தி. சாதாரண கார்பனைவிடக் கனமான கார்பன்-13 அணுக்களால் செய்த சி-8-ஐ, எண்ணி அளந்து, மாதிரியில் முதலிலேயே கலந்துவிடுவார்கள். இத்தனை வடித்தல், வற்றவைத்தலுக்குப் பிறகு அதில் எத்தனை பங்கு திரும்பி வந்தது என்று பார்ப்பார்கள். பாதிதான் வந்தது என்றால் வழியில் எங்கோ கசிவு என்று அர்த்தம்.

★ கடைசியில் மூலக்கூறுகளை எடை போடும் கருவி. சி-8-இன் மின்னேற்ற வடிவத்தின் எடை 413. கருவி அதைப் பிடித்து உடைக்கும். கார்பன் டை ஆக்சைடாக 44 கழன்று ஓடும், மீதி 369. 413-ம் 369-ம் அடுத்தடுத்து தென்பட்டால் ஆள் அகப்பட்டான். இதில் ஒரு வேடிக்கை: இந்தக் கருவிகளின் உள்குழாய்கள் பலவற்றில் டெஃப்லான் உண்டு. திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் வண்டிக்குள் திருடனின் தம்பி! அதனால் குழாய்களை மாற்றி, கருவியிலிருந்து கசிவதைத் தாமதப்படுத்திப் பிரிக்கத் தனி வடிகுழலும் வைக்கிறார்கள். ஒரு மாதிரிக்குச் செலவு, அமெரிக்காவில் சில நூறு டாலர்.

★ கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. வட கரோலினாவில் அமெரிக்க மரைன் படையினரின் பெரிய முகாம், கேம்ப் லெஜூன். குடிநீரில் குளோரின் போடுவதால் உண்டாகும் துணைப்பொருள்களை அளக்கச் சொல்லி 1980-இல் மாதிரி அனுப்பினார்கள். ஆய்வுக்கூடத்தால் அளக்கவே முடியவில்லை. வேறு ஏதோ கரைப்பான் குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. இதை ஆய்வாளர்கள் ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதி அனுப்பினார்கள். மறுபடியும் எழுதினார்கள். 1982-இல் தனியார் ஆய்வுக்கூடம் ஒன்று பெயரையே சொன்னது: டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன். ஒன்று இயந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவது, மற்றது டிரை கிளீனிங் கடையில் புழங்குவது. மோசமான கிணறுகளை மூடத் தொடங்கியது 1984 கடைசியில்தான். 1953 முதல் 1987 வரை அங்கே வாழ்ந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள், குடும்பங்களையும் சேர்த்து, 10 லட்சம் பேர் வரை இருக்கலாம். ஓரத்தில் எழுதிய குறிப்பைப் படிக்கத் தனியாக ஒரு அதிகாரியை நியமித்திருக்கலாம்.

★ மூக்கு முந்திக்கொண்ட கதை ஒன்றும் உண்டு. 2014 ஜனவரி 9, மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன். நிலக்கரி கழுவும் திரவம் ஒன்று தொட்டியிலிருந்து கசிந்து எல்க் ஆற்றில் கலந்தது. அங்கிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் கீழே நகரத்தின் குடிநீர் எடுக்கும் இடம். குழாயைத் திறந்தால் அதிமதுர வாசனை. 3 லட்சம் பேருக்குக் குடிக்க, குளிக்க, சமைக்கத் தடை. அந்தத் திரவத்தைத் தண்ணீரில் அளப்பதற்கென்று நிலையான முறையே அப்போது இல்லை, ஆய்வுக்கூடங்கள் அவசரமாக உருவாக்கிக்கொண்டன. 'கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்த பிறகும் வீடுகளில் வாசனை அடித்தது. மோப்பப் பயிற்சி பெற்ற ஒரு குழுவை வைத்துச் சோதித்தார்கள். கருவிகள் கவனிக்கும் குறைந்தபட்ச அளவைவிடப் பல மடங்கு கீழேயே மனித மூக்கு அதைக் கண்டுகொண்டது. நம் பாட்டிமார் சொம்பை முகர்ந்துவிட்டுக் குடித்தது சும்மா அல்ல. பீஃபாஸிடம் மட்டும் பாட்டி தோற்பாள்.

★ நியூயார்க் மாநிலத்தில் ஹூசிக் ஃபால்ஸ் என்ற சிற்றூர், மக்கள்தொகை சுமார் 3,500. டெஃப்லான் பூச்சு வேலை செய்யும் ஆலைகள் அங்கே இருந்தன. அப்படி ஓர் ஆலையில் வேலை பார்த்த அப்பாவை 2013-இல் சிறுநீரகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மகன், இணையத்தில் தேடியபோது பார்க்கர்ஸ்பர்க் கதை கண்ணில் பட்டது. ஊர் நிர்வாகத்திடம் தண்ணீரைச் சோதிக்கக் கேட்டார். சட்டப்படி கட்டாயமில்லை என்பதால் தட்டிக் கழித்தார்கள். அப்போது நாடு தழுவி நடந்த பீஃபாஸ் கணக்கெடுப்பும் 10,000 பேருக்கு மேல் தண்ணீர் தரும் அமைப்புகளுக்குத்தான் கட்டாயம், சின்ன ஊர்களில் சில நூறை மட்டும் மாதிரிக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர் தன் வீட்டு அடுப்படிக் குழாயிலேயே தண்ணீர் பிடித்து, கைக்காசு போட்டுக் கனடாவில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

லிட்டருக்கு 540 நானோகிராம் சி-8.

அதற்குப் பிறகுதான் அரசு வந்தது, ஆலைக்கு அடியில் நிலத்தடி நீரைத் தோண்டிப் பார்த்தது. அங்கே 18,000. 2015 கடைசியில் 'இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள்' என்று அறிவிப்பு. 2021-இல் நிறுவனங்கள் ஊராருக்கு 6.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. சின்ன ஊர் என்பதற்காகத் தண்ணீர் சலுகை காட்டுவதில்லை. கணக்கெடுப்புக்கு மட்டும் ஏன் அந்தப் பாகுபாடோ!

★ பெயரே இல்லாத பொருளை எப்படித் தேடுவது? வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றில் ஆராய்ச்சியாளர்கள் அதைச் செய்தார்கள். 'இந்தப் பொருள் இருக்கிறதா?' என்று கேட்காமல், 'இங்கே யார் யார் இருக்கிறீர்கள்?' என்று பொதுவாகக் கேட்கும் நுண்ணெடைக் கருவியைப் பயன்படுத்தினார்கள். சி-8-க்கு மாற்றாக வந்த 'ஜென்-எக்ஸ்' உள்படப் பல புதுமுகங்கள் அகப்பட்டன. வில்மிங்டன் நகரத்துக்கு எடுக்கும் ஆற்றுநீரில் ஜென்-எக்ஸ் சராசரி 631 நானோகிராம். ஆய்வுக் கட்டுரை 2016-இல் வந்தது, அறிஞர்கள் படித்தார்கள். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது 2017 ஜூனில், உள்ளூர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில். பிறகு அந்த ஊர் கரித்துகள் வடிகட்டி நிலையம் கட்டியது, செலவு சுமார் 4.3 கோடி டாலர்.

★ ஒரே தண்ணீர், நான்கு தீர்ப்பு. லிட்டருக்கு 20 நானோகிராம் சி-8 மட்டும் உள்ள தண்ணீர் ஆஸ்திரேலியாவின் 2025 வழிகாட்டுதலின்படி தேறிவிடும் (அங்கே 200 வரை சரி). கனடாவிலும் தேறும் (25 வகைகளும் சேர்த்து 30). அமெரிக்காவில் ஃபெயில் (4). டென்மார்க்கில் படுதோல்வி (நான்கு வகைகளுக்கும் சேர்த்தே 2). வல்லுநர்கள் படித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றேதான்.

★ சுவீடனில் ரோன்னபி நகராட்சி. 2013 டிசம்பரில் அங்குள்ள இரண்டு நீர்நிலையங்களில் ஒன்றில் மட்டும் பீஃபாஸ் 10,000 நானோகிராமைத் தாண்டியது தெரிந்து உடனே மூடினார்கள். விமானப்படைத் தளத்தில் தீயணைப்புப் பயிற்சிக்குப் பீய்ச்சிய நுரை நிலத்தடியில் இறங்கியிருந்தது. நல்ல தண்ணீருக்கு மாறிய பிறகு மக்களின் ரத்தத்தைத் தொடர்ந்து அளந்தார்கள்: சி-8 பாதியாகக் குறைய சுமார் 2.7 ஆண்டு, குடும்பத்தின் இன்னொரு உறுப்பினருக்கு 5.3 ஆண்டு. நோய் வந்தால்தான் பாதிப்பா, ரத்தத்தில் இவ்வளவு ஏறியதே பாதிப்பா என்று வழக்கு நடந்தது. 2023 டிசம்பரில் சுவீடன் உச்ச நீதிமன்றம், ஏறியதே உடற்காயம்தான் என்றது.

★ ரத்தத்திலிருந்து இறக்க வழி உண்டா? ஆஸ்திரேலியாவில் தீயணைப்பு வீரர்கள் 285 பேரை வைத்து ஓராண்டு சோதித்தார்கள். அடிக்கடி பிளாஸ்மா தானம் செய்தவர்களுக்கு நன்றாகக் குறைந்தது, ரத்த தானம் செய்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது, சும்மா இருந்தவர்களுக்கு அப்படியே இருந்தது. 2022-இல் வெளிவந்த ஆய்வு இது. தானம் வாங்கியவர் கணக்கை யார் பார்ப்பது என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே சந்தேகம்தான்.

★ தண்ணீரிலிருந்து நீக்க மூன்று வழிகள் பலன் தருகின்றன: கரித்துகள் வடிகட்டி, அயனி மாற்றுப் பிசின், ஆர்.ஓ. சவ்வு. கரி நிறைந்துவிட்டால் மாற்ற வேண்டும். ஆர்.ஓ.வில் பிடிபட்டது ஒதுக்குநீரோடு சாக்கடைக்குப் போகும். இடம் மாறுகிறது, அழிவதில்லை.

★ இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் டிரிஸ்ஸினோ என்ற ஊரில் இருந்த பீஃபாஸ் ஆலை, லட்சக்கணக்கானோரின் நிலத்தடி நீரைக் கெடுத்தது 2013-இல் தெரியவந்தது. பிள்ளைகளின் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த தாய்மார்கள் திரண்டார்கள். ஆலை திவாலானது. அதன் இயந்திரங்களை இந்திய நிறுவனம் ஒன்று 2019-இல் வாங்கியது. அவை கப்பலேறி வந்து சேர்ந்த இடம், மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டம். 2025 ஜூனில் விசென்சா நீதிமன்றம் பழைய ஆலையோடு தொடர்புடைய அதிகாரிகள் 11 பேருக்குத் தண்டனை விதித்தது.

★ நம் குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. அதன் 2012 பதிப்பில் ஆர்சனிக், ஈயம், பூச்சிக்கொல்லிகள் என்று நீளமான பட்டியல் இருக்கிறது. பீஃபாஸ் இல்லை. தேடவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாதே! சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அடையாறு, பக்கிங்காம் கால்வாய், செம்பரம்பாக்கம் ஏரி முதலிய இடங்களில் தேடினார்கள், இருந்தது. 2024-இல் அது செய்தியாகி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கவனத்துக்கும் போனது.

★ பட்டியலில் இருந்தால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடுமா? ராணிப்பேட்டையைக் கேளுங்கள். குரோமியம் பட்டியலில் ஏறி எத்தனையோ காலமாகிறது. கண்ணுக்கே தெரியும், மஞ்சளாக. 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குன்று, ஒவ்வொரு மழைக்கும் நிலத்துக்குள் கசிந்துகொண்டே இருந்தது. அங்கே தேடத் தெரியாமல் போகவில்லை. தெரிந்த பிறகு அள்ளத்தான் ஆளில்லாமல் போனது.

★ ரிப்போர்ட்டில் 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்று எழுதியிருந்தால் அது பூஜ்யம் அல்ல. அந்தக் கருவியின் கண்டறியும் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். 100 நானோகிராமுக்குக் கீழே பார்க்கத் தெரியாத கருவிக்கு 90-ம் இல்லாததுதான். கேட்டால் ஆய்வுக்கூடத்தில் முகம் சுளிக்கலாம். கேட்பது நம் உரிமை, காசு நம்முடையது.

★ ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தருகிறார்கள். கையடக்கப் பெட்டி, சின்னச் சோதனைக் குழாய், சொட்டு மருந்து, வண்ண அட்டை. கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட், மிச்ச குளோரின் எல்லாம் அதிலேயே பார்க்கலாம். ஃபுளோரைடும் உண்டு. தர்மபுரிப் பக்கம் பல்லில் காவி படிந்த தலைமுறையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு சொட்டின் அருமை தெரியும். பீஃபாஸிலும் ஃபுளோரின்தானே, பெட்டி காட்டிக்கொடுக்காதா? காட்டாது. கார்பன் பிடித்து வைத்திருக்கும் ஃபுளோரின் சொட்டு மருந்துக்குப் பிடி கொடுப்பதில்லை.

அந்தப் பிடியை முதலில் சந்தேகப்பட்டவர் டொனால்ட் டேவ்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1968-இல் மனித ரத்தத்தில் ஃபுளோரைடை நேரடியாக அளந்தால் ஒரு கணக்கு வந்தது. எரித்துச் சாம்பலாக்கி அளந்தால் அதிகமாக வந்தது. அப்படியென்றால் ரத்தத்தில் இன்னொரு ஃபுளோரின் ஒளிந்திருக்கிறது! 1975-இல் அவரும் சக ஆய்வாளரும் 3எம் நிறுவனத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இது உங்கள் சரக்காக இருக்குமோ என்று விசாரித்தார்கள். தெரியாது என்று பதில் வந்ததாகப் பின்னாளைய வழக்கு ஆவணங்கள் சொல்கின்றன.

★ பீஃபாஸ் அறவே இல்லாத ரத்தம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று 3எம் விஞ்ஞானிகள் பிற்பாடு தேடினார்கள். உயிரோடு இருக்கிறவர்களிடம் கிடைக்கவில்லை. கடைசியில் அகப்பட்டது கொரியப் போருக்குச் சேர்ந்த இளம் சிப்பாய்களின் ரத்தம், 1950-களின் தொடக்கத்தில் எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்தது.